பெருந்தொற்றுக் காலத்தில் பிரசவம்: ஆவணம், செலவு, துணை, மனநலம் – ஒரு வழிகாட்டி

கோவிட் பரவிக்கொண்டிருந்த காலத்தில் குழந்தை பெற்றவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன். சாதாரண நாட்களில் பிள்ளை பெற்றவளைச் சுற்றிப் பல கண்கள் இருக்கும். அவள் சாப்பிட்டாளா, தூங்கினாளா, முகம் ஏன் வாடியிருக்கிறது என்பதை யாராவது ஒருவர் கவனித்துக் கேட்டுவிடுவார். தொற்றுக் காலத்தில் அந்தக் கண்கள் எல்லாம் ஒரே சமயத்தில் விலக்கப்படுகின்றன. துணைக்கு அனுமதி இல்லை, பார்வையாளர் இல்லை, பரிசோதனை தொலைபேசியில், செவிலியரின் முகம் கவசத்துக்குள். ஆகவே, வழக்கமாகத் தானே நடந்துவிடும் காரியங்களை எல்லாம் முன்கூட்டியே, தாளில் எழுதி, ஆள் குறித்து ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கிறது. 17 நாடுகளில் நடந்த 40 ஆய்வுகளைத் தொகுத்து 2021இல் வெளியான ஓர் ஆய்வு, கோவிட் காலத்தில் வயிற்றிலேயே குழந்தை இறப்பதும் தாய் இறப்பும் தாய்மார்களின் மனச்சோர்வும் கூடியிருந்ததைக் காட்டியது. கிருமியைப் போலவே பராமரிப்பு தடைபட்டதும் தாய்மார்களைப் பாதித்திருக்கிறது என்பதை மனத்தில் கொண்டு, கீழுள்ள படிகளைக் கர்ப்பத்தின் ஏழாம் மாதத்துக்குள் தொடங்கிவிடுங்கள்.

1. மருத்துவமனையின் விதிகளைக் கட்டம் கட்டமாகக் கேளுங்கள்

“துணைக்கு ஒருவர் வரலாமா?” என்று பொதுவாகக் கேட்டால், “வரலாம்” என்ற பதில் கிடைக்கும். அந்தப் பதிலை நம்பிப் போய், குழந்தை வெளியே வரும் கடைசி ஒரு மணி நேரத்துக்கு மட்டுமே அந்த அனுமதி என்பதை வலியோடு வாசலில் நிற்கும்போது அறிந்துகொண்ட தாய்மார்கள் பலர். அனுமதிக்கும் அறை, வலி கண்டு காத்திருக்கும் நேரம், பிரசவ அறை, சிசேரியன் என்றால் அறுவை அரங்கு, அதன்பின் வார்டு ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். துணை ஒருமுறை வெளியே போனால் திரும்ப உள்ளே வர முடியுமா, இடையில் ஆள் மாறலாமா, துணைக்குத் தொற்றுப் பரிசோதனை முடிவு வேண்டுமா, அது எத்தனை மணி நேரத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும் என்பவற்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். முடிந்தால் பதில்களை மின்னஞ்சலிலோ குறுஞ்செய்தியிலோ வாங்குங்கள். வாய்மொழிதான் கிடைக்கும் என்றால், சொன்னவர் பெயரையும் தேதியையும் குறித்து வையுங்கள்.

இந்த விதிகள் வாரத்துக்கு வாரம் மாறக்கூடியவை. எனவே 36ஆம் வாரத்தில் மீண்டும் ஒருமுறையும், வலி எடுத்துக் கிளம்பும் முன் தொலைபேசியில் ஒருமுறையும் கேளுங்கள். பிரசவத்தின்போது தாய் விரும்பும் துணை ஒருவர் உடனிருக்க வேண்டும் என்பது, தொற்று இருக்கும் தாய்க்கும் சேர்த்து, உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. மருத்துவமனையோடு பேசும்போது இதைப் பணிவாகவும் தயங்காமலும் எடுத்துச் சொல்லலாம்.

2. கோப்பின் முதல் பக்கத்தில் உங்களைப் பற்றி எழுதி வையுங்கள்

கர்ப்பகாலப் பதிவேடு, இரத்த வகை அறிக்கை, எல்லா ஸ்கேன் அறிக்கைகள், இரத்தப் பரிசோதனை முடிவுகள், தடுப்பூசிச் சான்று, அடையாள அட்டை, காப்பீட்டு அட்டை, காப்பீட்டு நிறுவனத்தின் முன் அனுமதிக் கடிதம் ஆகியவற்றை ஒரே கோப்பில் வையுங்கள். இன்னொரு நகல் துணையிடம் இருக்கட்டும்; எல்லாவற்றின் படமும் இருவர் கைப்பேசியிலும் இருக்கட்டும். கோப்பு ஒரு தளத்திலும் நீங்கள் வேறொரு தளத்திலும் இருக்கும் நிலை தொற்றுக் காலத்தில் எளிதாக நேர்ந்துவிடும்.

இவற்றைவிட முக்கியமானது முதல் பக்கம். உங்களுக்காகப் பேசும் ஆள் பக்கத்தில் இல்லாதபோது பேச வேண்டியது அந்த ஒரு தாள்தான். பெயர், பிரசவ உத்தேசத் தேதி, இரத்த வகை, ஒவ்வாமை, இப்போது எடுக்கும் மருந்துகள், முந்தைய பிரசவம் அல்லது கருச்சிதைவு, அவசரத்தில் அழைக்க வேண்டிய இருவரின் எண்கள் ஆகியவற்றோடு, இதற்கு முன் மனச்சோர்வு, பதற்ற நோய், இருமுனைப் பிறழ்வு (மிகை உற்சாகமும் ஆழ்ந்த சோர்வும் மாறிமாறி வரும் மனநோய்) இருந்திருந்தால் அதையும் அதில் தெளிவாக எழுதுங்கள். இதை எழுதக் கூச்சப்பட்டுத் தவிர்ப்பவர்கள் அதிகம். ஆனால் பிரசவத்துக்குப் பின் யாரைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும் என்பதைச் சொல்லும் குறிப்புகளில் இதற்கு ஈடானது வேறில்லை. குழந்தை பிறந்தவுடன் நெஞ்சில் வைத்துக்கொள்ள விரும்புகிறீர்கள், எதைச் செய்யும் முன்னும் விளக்கம் வேண்டும் என்பன போன்ற விருப்பங்களை இரண்டு மூன்று வரிகளில் சேர்க்கலாம்.

பிறப்புப் பதிவுக்கான படிவத்தையும் கிளம்பும் முன்பே கேட்டு அறிந்துகொள்ளுங்கள். பதிவு அலுவலகங்கள் குறைந்த நேரமே இயங்கும் நாட்களிலும் காலக்கெடு ஓடிக்கொண்டிருக்கலாம். மருத்துவமனைப் படிவத்தில் பெற்றோர் பெயரின் எழுத்துகள் அடையாள அட்டையில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று, கையெழுத்திடும் முன் எழுத்தெழுத்தாகப் பாருங்கள். பிறகு திருத்துவது தனி அலைச்சல்.

3. செலவு மதிப்பீட்டை மூன்று நிலைமைகளுக்கு வாங்குங்கள்

சுகப்பிரசவம், சிசேரியன், தொற்று உறுதியாகித் தனிமை அறையில் பிரசவம் என மூன்றுக்கும் தனித்தனி மதிப்பீடு கேளுங்கள். மூன்றாவதைக் கேட்க யாருக்கும் தோன்றாது. பட்டியல் நீள்வது அங்கேதான். உங்களுக்கும் துணைக்கும் பரிசோதனைக் கட்டணம், ஊழியர்களின் பாதுகாப்பு உடைக்கான தனிக் கட்டணம், தனி அறை, கூடுதல் நாட்கள், குழந்தையைக் கண்காணிப்புப் பிரிவில் வைத்தால் அதற்கான கட்டணம் ஆகியவை பொதுவான மதிப்பீட்டில் பெரும்பாலும் இருப்பதில்லை. ஊரடங்கு நேரத்தில் வண்டி கிடைக்காமல் ஆம்புலன்ஸ் அழைக்க நேர்ந்தால் அதற்கும் பணம் தேவை.

காப்பீடு இருப்பவர்கள் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்க வேண்டும். பரிசோதனையும் பாதுகாப்பு உடையும் காப்பீட்டில் அடங்குமா? குழந்தை பிறந்த முதல் நாளிலிருந்தே காப்பீட்டில் சேருமா, அல்லது பெயரைச் சேர்த்த பிறகுதானா? மனநல ஆலோசனைக்குப் பணம் திரும்பக் கிடைக்குமா? இரண்டாவது கேள்வியில் சிக்கிக்கொள்பவர்கள் அதிகம். பிரசவத்துக்கென்று ஒதுக்கிய பணம் முழுவதையும் மருத்துவமனையிலேயே தீர்த்துவிடாமல், அதற்குப் பின் வரும் ஆறு வாரங்களில் வீட்டு உதவிக்கும் இரண்டு மூன்று மனநல ஆலோசனைகளுக்கும் ஒரு பகுதியைத் தனியே வையுங்கள்.

4. எந்தப் பரிசோதனைக்கு நேரில் போக வேண்டும் என்று பிரித்துக்கொள்ளுங்கள்

கர்ப்ப காலத்தில் குறைந்தது 8 முறை மருத்துவப் பணியாளரைச் சந்திக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் பரிந்துரைத்தது. அவற்றில் பேச்சாலும் ஆலோசனையாலும் முடிபவற்றைத் தொலைபேசியில் வைத்துக்கொள்ளலாம். இரத்த அழுத்தம், சிறுநீரில் புரதம், வயிற்றின் அளவு, ஸ்கேன், இரத்தப் பரிசோதனை ஆகியவற்றைத் தொலைபேசியில் பார்க்க முடியாது. தொற்றுக்கு அஞ்சி இவற்றைத் தள்ளிப்போடாதீர்கள். வீட்டில் ஓர் இரத்த அழுத்தக் கருவி வாங்கி வைப்பது இந்தக் காலத்தில் மிகப் பயனுள்ள செலவு. அளவு 140/90ஐ எட்டினால் அன்றே மருத்துவரை அழையுங்கள்; 160/110ஐ எட்டினால் நேரே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். குழந்தையின் அசைவு குறைந்ததாகத் தோன்றினாலும், உதிரப்போக்கு இருந்தாலும், பனிக்குடம் உடைந்தாலும் மறுநாள் வரை பொறுக்காதீர்கள்.

5. துணைக்கு ஒரு துணை, அதற்கும் மேல் தனியே இருக்கும் ஏற்பாடு

துணையாக வர வேண்டியவருக்கே காய்ச்சல் வந்துவிடலாம். மாற்று ஆள் ஒருவரை முன்பே பேசி வையுங்கள். மூத்த குழந்தை இருந்தால் அதைப் பார்த்துக்கொள்ளவும் இருவரைக் குறித்து வையுங்கள். இவை எல்லாம் தவறி, நீங்கள் தனியே பிரசவிக்க நேரிடலாம் என்பதையும் ஒருமுறையாவது மனத்தில் நடத்திப் பாருங்கள். தயாராக இருந்தவருக்கும் தனிமை தனிமைதான் என்றாலும், திகைப்பு குறைகிறது.

தனியே போகும் பையில் நீளமான கம்பியுள்ள சார்ஜர், பவர் பேங்க், இயர்போன், தண்ணீர்க் குடுவை, எழுதுகோல், சிறு நோட்டு ஆகியவை இருக்கட்டும். காணொளி அழைப்புக்கு அனுமதி உண்டா என்று முன்பே கேளுங்கள். உள்ளே போனதும் உங்களைப் பார்த்துக்கொள்ளும் செவிலியரின் பெயரைக் கேளுங்கள். கவசத்துக்குப் பின்னால் முகம் தெரியாதபோது பெயர் தெரிவது பெரிய ஆறுதல். ஏதேனும் சிகிச்சைக்கு ஒப்புதல் கேட்டால், “ஏன், இதற்கு மாற்று உண்டா, சிறிது நேரம் பொறுக்கலாமா” என்று கேட்டு, அவர் சொன்னதை நீங்களே திருப்பிச் சொல்லிச் சரிபாருங்கள். அவகாசம் இருக்கும்போது துணையைத் தொலைபேசியில் இணைத்து அவர் காதிலும் விழச் செய்யுங்கள். என்ன நடக்கிறது என்று புரியாமல், யாரும் கேட்காமல் நடந்து முடியும் பிரசவம், உடல் ஆறிய பின்பும் மனத்தில் ஆறாமல் கிடக்கும். விளக்கம் கேட்பதை மருத்துவருக்குத் தரும் தொந்தரவாக நினைக்காதீர்கள்.

6. தொற்று உறுதியானால்

கோவிட் தொற்று இருப்பது மட்டுமே சிசேரியனுக்குக் காரணம் ஆகாது. பிரசவ முறையைத் தாயின் உடல்நிலையும் குழந்தையின் நிலையும்தான் முடிவுசெய்ய வேண்டும். அதுபோலவே, தாய்க்குத் தொற்று என்பதற்காகக் குழந்தையைப் பிரித்துவைக்க வேண்டியதில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2020 ஏப்ரலில் பிரித்துவைப்பதைப் பரிந்துரைத்து, சான்றுகள் சேர்ந்தபின் அதே ஆண்டு ஜூலையில் தன் நிலையை மாற்றிக்கொண்டது. தாய் முகக்கவசம் அணிந்து, குழந்தையைத் தொடும் முன் கை கழுவி, நெஞ்சோடு அணைத்துப் பாலூட்டலாம் என்பதே உலக சுகாதார நிறுவனம் சொல்வது. குழந்தைக்கு மட்டும் முகக்கவசம் போடக் கூடாது, மூச்சடைக்கும்.

ஆனால் வேறொரு பெருந்தொற்று வந்தால் கிருமி வேறாக இருக்கும், விதியும் வேறாகலாம். அப்போது கேட்க வேண்டியது இது: “இப்போதுள்ள சான்றின்படி பாலில் ஆபத்து இருக்கிறதா, அல்லது அருகில் இருப்பதில் மட்டும்தானா?” இரண்டும் வேறு. அருகில் இருப்பதில்தான் சிக்கல் என்றால் பாலைப் பீய்ச்சி இன்னொருவர் வழியாகக் கொடுக்கலாம். தாய்க்கு உடல்நிலை மோசமாகிப் பிரிந்திருக்க நேர்ந்தாலும், முதல் சில மணி நேரத்திலேயே தொடங்கி ஒரு நாளில் குறைந்தது 8 முறை, இரவிலும் சேர்த்து, பால் பீய்ச்ச வேண்டும். பின்னால் பால் வற்றாமல் இருக்க இதுவே வழி. அப்படிப் பிரிந்திருக்கும் நாட்களில் குழந்தையின் படத்தையும் காணொளியையும் நாளுக்கு இருமுறையாவது அனுப்பும்படி வார்டில் கேட்டு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

7. வீடு திரும்பும் முன்

தொற்றுக்கு அஞ்சி மருத்துவமனைகளும் சீக்கிரம் அனுப்பப் பார்க்கும்; நீங்களும் சீக்கிரம் போகவே விரும்புவீர்கள். சிக்கலில்லாத பிரசவத்துக்குப் பின்னும் குறைந்தது 24 மணி நேரம் கண்காணிப்பில் இருக்க வேண்டும் என்பது பரிந்துரை. கையில் டிஸ்சார்ஜ் சம்மரி, குழந்தையின் எடையும் தடுப்பூசியும் குறித்த அட்டை, மருந்துச் சீட்டு, பிறப்புப் பதிவுப் படிவம், இரவிலும் எடுக்கப்படும் ஒரு தொலைபேசி எண் ஆகிய ஐந்தும் இல்லாமல் கிளம்பாதீர்கள். அதற்குப்பின் 48 முதல் 72 மணி நேரத்துக்குள், 7ஆம் நாளிலிருந்து 14ஆம் நாளுக்குள், ஆறாம் வாரத்தில் என மூன்று சந்திப்புகளுக்கான தேதியையும் அப்போதே வாங்கிவிடுங்கள்.

கர்ப்பத்தால் வரும் இரத்த அழுத்தக் கோளாறு, குழந்தை பிறந்ததோடு முடிந்துவிடுவதில்லை. மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குள் அழுத்தம் உச்சத்துக்குப் போகலாம். கடும் தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, மூச்சுத்திணறல், ஒரு மணி நேரத்துக்குள் ஒரு நாப்கின் நனையும் உதிரப்போக்கு, காய்ச்சல், ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்குத் திரும்புங்கள். அங்கே தொற்று இருக்குமே என்று தயங்கும் நேரத்தில் இவை உயிரைக் குடித்துவிடும்.

8. மனத்தைக் கவனிக்க ஆளும் நாளும் குறித்து வையுங்கள்

இந்தப் படிக்காகத்தான் இந்தக் கட்டுரையையே எழுதத் தொடங்கினேன். குழந்தை பிறந்த இரண்டு மூன்று நாட்களில் காரணமின்றி அழுகை வருவதும், எரிச்சல் வருவதும், ஒரு நிமிடம் சிரித்து மறு நிமிடம் கலங்குவதும் பெரும்பாலான தாய்மார்களுக்கு உண்டு. இது இரண்டு வாரத்துக்குள் தானே தணியும். இரண்டு வாரம் தாண்டியும் தணியாமல், நாளின் பெரும்பகுதி துயரமோ வெறுமையோ கவிந்திருந்தால், குழந்தை தூங்கும்போதும் தூக்கம் வராமல் போனால், குழந்தையிடம் ஒட்டுதலே தோன்றாமல் போனால், “நான் இல்லாவிட்டால் இவர்கள் நன்றாக இருப்பார்கள்” என்ற எண்ணம் வந்தால், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், குழந்தை பெற்ற பெண்களில் சுமார் 13 விழுக்காட்டினருக்கு மனநலக் கோளாறு ஏற்படுகிறது, அதில் முதன்மையானது மனச்சோர்வு. வளரும் நாடுகளில் இது 20 விழுக்காட்டை நெருங்குகிறது. கர்ப்பத்திலேயே தொடங்கலாம், குழந்தைக்கு ஒரு வயது ஆகும்வரை எப்போதும் தொடங்கலாம்.

தொற்றுக் காலத்தில் இது இன்னொரு முகத்தோடும் வருகிறது. கை கழுவுவதும் பாத்திரம் கொதிக்கவைப்பதும் யாரையும் அண்டவிடாததும் அப்போது எல்லோரும் பாராட்டும் நல்ல பழக்கங்கள். அவை எந்த இடத்தில் எச்சரிக்கையிலிருந்து நோயாக மாறுகின்றன என்பது வெளியில் தெரியாது. கை தோல் உரியும்வரை கழுவியும் நிம்மதி வரவில்லை, இரவெல்லாம் குழந்தையின் மூச்சை எண்ணிக்கொண்டே இருக்கிறீர்கள், கழுவும் வேலையில் குழந்தையைத் தூக்கவே நேரமில்லை என்றால், மருத்துவரிடம் சொல்ல வேண்டிய நிலை அது. குழந்தை கைதவறி விழுந்துவிடுமோ, நானே ஏதாவது செய்துவிடுவேனோ என்ற காட்சி திடீரென மனத்தில் தோன்றி நடுங்கவைப்பதும் பல தாய்மார்களுக்கு நேர்வது. அந்த எண்ணம் உங்களை அச்சுறுத்துகிறது, அருவருக்க வைக்கிறது என்பதே அது உங்கள் விருப்பம் இல்லை என்பதைக் காட்டுகிறது. வெளியே சொன்னால் குழந்தையைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று அஞ்சி மறைக்காதீர்கள்; சிகிச்சையில் தணியக்கூடியது இது.

எப்படிக் கவனிப்பது? உங்களை நன்கு அறிந்த ஒருவரிடம், பிரசவத்துக்கு முன்பே, முதல் ஆறு வாரமும் வாரம் இருமுறை காணொளியில் அழைக்கும் பொறுப்பை ஒப்படையுங்கள். குழந்தையைக் காட்டும் அழைப்புகள் நிறைய வரும். இந்த அழைப்பு உங்களுக்கானது. தூங்கினாயா, சாப்பிட்டாயா, எதை நினைத்து அழுதாய் என்று அவர் கேட்க வேண்டும். இத்துடன், தாயின் மனச்சோர்வை அளக்க எடின்பரோ அளவுகோல் என்ற 10 கேள்விகள் கொண்ட படிவம் இருக்கிறது, தமிழிலும் கிடைக்கிறது. கடந்த 7 நாட்களை வைத்து விடையளிக்க வேண்டும், மொத்தம் 30 மதிப்பெண். 10 வந்தால் மருத்துவரிடம் பேசுங்கள்; 13ஐ எட்டினால் பேசுவதைத் தள்ளிப்போடாதீர்கள். தன்னைத் தானே துன்புறுத்திக்கொள்வது பற்றிய பத்தாம் கேள்விக்கு “ஒருபோதும் இல்லை” என்பதைத் தவிர வேறு எந்த விடை அளித்திருந்தாலும், மொத்த மதிப்பெண் எவ்வளவு குறைவாக இருந்தாலும், அன்றே உதவி தேடுங்கள். இரண்டாம் வாரத்திலும் ஆறாம் வாரத்திலும் மூன்றாம் மாதத்திலும் நிரப்பிப் பார்ப்பது என்று நாட்காட்டியில் குறித்து வையுங்கள். தந்தையருக்கும் இந்தக் காலத்தில் மனச்சோர்வு வரும்; வாசலிலேயே நிறுத்தப்பட்டவரும் ஒரு கையறு நிலையைக் கடந்து வந்தவர்தான், அவரையும் கேளுங்கள்.

9. உதவி கேட்கும்போது

“கொஞ்சம் சோர்வாக இருக்கிறது” என்று சொன்னால், “குழந்தை பெற்றவளுக்கு அப்படித்தான் இருக்கும்” என்ற பதிலோடு அழைப்பு முடிந்துவிடும். தொலைபேசியில் உங்கள் முகம் தெரியாது. எனவே நாளும் அளவும் சொல்லிப் பேசுங்கள். “மூன்று வாரமாகத் தினமும் அழுகிறேன், இரவில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தூக்கம் இல்லை, படிவத்தில் இத்தனை மதிப்பெண்” என்று எழுதி வைத்து வாசியுங்கள். காணொளி ஆலோசனை என்றால் தனி அறையும் இயர்போனும் அவசியம். வீட்டார் காதில் விழும் என்றால் உண்மை வாயில் வராது. இரத்தசோகையும் தைராய்டு கோளாறும் இதே அறிகுறிகளைக் காட்டக்கூடும் என்பதால், அவற்றுக்கான இரத்தப் பரிசோதனை வேண்டுமா என்றும் கேளுங்கள். பேச்சுவழிச் சிகிச்சை பலருக்குப் போதுமானது. மருந்து தேவைப்பட்டால், பாலூட்டிக்கொண்டே எடுக்கக்கூடிய மருந்துகள் உண்டு. செர்ட்ராலின் அவற்றில் பரவலாகக் கொடுக்கப்படுவது. பயன் தெரியச் சில வாரங்கள் ஆகும். அதற்குள் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

வீட்டார் தனியே அறிந்திருக்க வேண்டிய ஒன்று உண்டு. ஆயிரம் பிரசவங்களில் ஒன்று இரண்டில், பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள், திடீரெனக் கடும் மனநோய் தாக்கும். தூக்கமே தேவையில்லாதவள்போல் நடமாடுவாள், பேச்சு குழம்பும், இல்லாத குரல் கேட்கும், குழந்தையைப் பற்றி விபரீதமான நம்பிக்கை தோன்றும். இது மணிக்கணக்கில் மோசமாகும் அவசர நிலை. தாயையும் குழந்தையையும் ஒரு கணமும் தனியே விடாமல், ஊரடங்கு இருந்தாலும் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். இருமுனைப் பிறழ்வு முன்பே உள்ளவருக்கு இந்த ஆபத்து மிகவும் அதிகம் என்பதால், இரண்டாம் படியில் சொன்ன அந்த முதல் பக்கத்தில் அதை எழுதச் சொன்னேன்.

10. ஆறு வாரத்துக்குப் பின்

பிரசவ அறையின் காட்சிகள் திரும்பத் திரும்ப வருகின்றன, மருத்துவமனை இருக்கும் சாலையையே தவிர்க்கிறீர்கள், அதைப் பற்றிப் பேச்செடுத்தால் உடம்பு நடுங்குகிறது என்றால், அது பிரசவ அதிர்ச்சியின் அறிகுறி. அதற்கும் சிகிச்சை உண்டு. உங்கள் மருத்துவப் பதிவின் நகலை விண்ணப்பித்து வாங்கி, என்ன முடிவு ஏன் எடுக்கப்பட்டது என்று மகப்பேறு மருத்துவரிடம் ஒரு முழுச் சந்திப்பு கேட்கலாம். விண்ணப்பத்துக்கு அடையாள அட்டை நகலும் டிஸ்சார்ஜ் சம்மரியில் உள்ள பதிவு எண்ணும் தேவைப்படும். சிறு கட்டணமும் சில வாரக் காத்திருப்பும் இருக்கலாம். மனம் ஆயத்தமான பிறகு, துணையோடு போங்கள். கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள். அடுத்த கர்ப்பம் உறுதியானால், இந்தப் பதிவையும் மனநலச் சிகிச்சைக் குறிப்புகளையும் முதல் சந்திப்பிலேயே மருத்துவரிடம் கொடுத்துவிடுங்கள்.